மூன்றாவது ஃபிரெட்டில் ஓர் உறுமல்

2001-இல் பெரம்பூரிலிருந்து ஒருவர் தன் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வடபழனியில் இருந்த என் சின்னக் கடைக்கு வந்தார். சி.பி.யு. மடியில். மானிட்டர் பக்கத்தில், போர்வை சுற்றி. பேஸ் கிட்டார் பை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நெட்டுக்குத்தலாக. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். கல்யாண ரிசப்ஷன்களிலும் கிளப்புகளிலும் முப்பது வருஷம் பேஸ் வாசித்தவர்.

"மூணு தடவை ஃபார்மேட் பண்ணியாச்சு தம்பி. சவுண்டு கார்டும் புதுசு. ரெக்கார்ட் பண்ணா கிழிஞ்ச ஸ்பீக்கர்ல கேக்கிற மாதிரி கரகரன்னே வருது" என்றார்.

கம்ப்யூட்டரை நான் ஆன் பண்ணவே இல்லை. கிட்டாரை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி, நான்கு திருகு. கழற்றினால் உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி, ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. மல்ட்டிமீட்டர் 5.8 காட்டியது. "அங்கிள், இதை எப்ப மாத்தினீங்க?" என்றேன். அதில் பேட்டரி இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் ஆயுசு முழுக்க வாசித்த கிட்டாரில் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் மட்டும்தான். மகன் பெர்த்திலிருந்து அனுப்பிய இந்தப் புதியதில் உள்ளேயே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் உண்டு. கேபிளைச் செருகியதும் அது விழித்துக்கொள்ளும், கேபிளை உருவும்வரை பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். அவரோ வாசித்து முடித்ததும் கேபிளோடு சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறவர்.

எதிர்க்கடையில் பேட்டரி வாங்கிப் போட்டேன், கரகரப்பு போய்விட்டது. ஆனால் அந்த மூன்று ஃபார்மேட்டில் மகன் எழுதிய மெயில்கள் மொத்தமும் போயிருந்தன. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. யாராவது போனில் "ஃபார்மேட் பண்ணிடட்டுமா?" என்று கேட்டால் உடனே "வேண்டாம்" என்பது அன்றிலிருந்துதான்.

கம்ப்யூட்டரைக் கடைசியாகப் பார்க்கும் வழக்கம் எனக்கு டேப் காலத்திலேயே வந்தது. 1993-இல் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் ஒயர் சுற்றும் பையனாகச் சேர்ந்தேன். இரண்டு அங்குல டேப், 24 டிராக். பேஸ் வாசிப்பவரின் காலடியில் டி.ஐ. பாக்ஸ் என்று ஒரு இரும்புப் பெட்டி, அதிலிருந்து நேரே கன்சோல். பேஸ் சத்தம் சரியில்லை என்றால் எங்கள் சீனியர் இன்ஜினியர் கன்சோலில் கை வைக்க மாட்டார். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து முதலில் கம்பியைத் தட்டுவார். பிறகு வால்யூம் திருகு, ஜாக், கேபிள், பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடைசியில்தான் கன்சோல். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். வயலின்காரர்கள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள், தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. "கம்பியிலிருந்து கிளம்புடா" என்பார்.

1999 வாக்கில் வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வரத் தொடங்கியது. ராஜா சார் எழுதிய பேஸ் வரிகளைக் கேட்டு வளர்ந்தவர்கள், ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததைக் கேட்டு பேஸ் வாங்கியவர்கள் என்று ஒரு தலைமுறை வீட்டிலேயே பதிவு பண்ண ஆசைப்பட்டது. கையில் இருந்தது சி.பி.யு.வின் பின்னால் உள்ள இளஞ்சிவப்பு மைக் துளைதான். பெரிய ஜாக்கைச் சின்னதாக்கும் கன்வெர்ட்டரை ரிச்சி தெருவில் வாங்கி அதில் செருகுவார்கள். சத்தம் வரும், ஆனால் கம்பளிக்குள் வைத்து வாசித்தது போல் மங்கலாக வரும்.

காரணம் எளிது. பேஸில் காந்தமும் சுருளும் சேர்ந்த பிக்கப் தருவது மிகச் சன்னமான மின்சாரம். அதை வாங்கிக்கொள்ளும் பக்கம் பத்து லட்சம் ஓம் அளவுக்குத் தடை இருந்தால்தான் விரல் கம்பியில் உரசும் அந்தச் 'சடக்' வரை உள்ளே வரும். மைக் துளையில் இருப்பது சில ஆயிரம் ஓம். மேல் சுரங்கள் வாசலிலேயே நின்றுவிடும். ஒரே ஒரு எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர், இரண்டு மூன்று ரெசிஸ்டர், ஒரு பேட்டரி போட்டு தகர டப்பாவுக்குள் அடைத்து நானே பெட்டி செய்து கொடுக்க ஆரம்பித்தேன். இப்போதைய யு.எஸ்.பி. இன்டர்ஃபேஸ்களில் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று எழுதிய ஒரு சின்ன பட்டன் இருக்கிறதே, அந்தத் தகர டப்பா செய்த வேலையைத்தான் அது செய்கிறது. அதை அழுத்தாமலே இரண்டு வருஷம் பதிவு செய்தவர்களை இன்றும் சந்திக்கிறேன்.

ஹம் என்று நாங்கள் சொல்லும் அந்த உறுமல் வேறு கதை. அதில்தான் என் வாழ்நாளில் அதிக நேரம் போயிருக்கிறது.

நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். பேஸில் ஈ கம்பியை வெறுமனே தட்டினால் 41.2, ஏ கம்பி 55. நடுவில், ஈ கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் இருக்கும் ஜி சுரம் 49. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கே ஹம் பி-ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவே விழும். இங்கே அது நேராக ஜி-யின் தோளில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக, "மூணாவது ஃபிரெட்ல ஜி பிடிச்சு அப்படியே நிறுத்துங்க" என்பேன். ஹம் கலந்திருந்தால் சுரம் நேராக நிற்காது. கோயில் மணியின் கடைசி ரீங்காரம் போல நொடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். எஃப் வாசித்தால் அவ்வளவாகத் தெரியாது. கிட்டாரோ புல்லாங்குழலோ பதிவு செய்கிறவர்கள் கீழே இருப்பதையெல்லாம் ஃபில்ட்டர் போட்டு வெட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பேஸ்காரருக்கு அந்த வழி கிடையாது. 50-ஐ வெட்டினால் ஜி-யும் சேர்ந்து போய்விடும்.

2009 மே மாதம் மந்தைவெளியில் ஒரு பழைய வீடு. பேரன் வயதுப் பையன்கள் இரண்டு பேர், அண்ணன் பேஸ், தம்பி கீபோர்ட். "மழைக் காலத்துல நல்லாத்தான் சார் இருக்கு. ஏப்ரல் வந்தா ஹம் வந்துடுது. வெயில்ல லேப்டாப் சூடாகுதோ?" என்றான் அண்ணன். லேப்டாப்புக்கு டேபிள் ஃபேன் எல்லாம் வைத்திருந்தார்கள்.

நான் எப்போதும் செய்யும் மூன்றையும் செய்தேன். பையனை உட்கார்ந்த இடத்திலேயே கிட்டாரோடு மெதுவாகத் திரும்பச் சொன்னேன். திரும்பும்போது ஹம் கூடிக் குறைந்தால் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரோ பழைய மானிட்டரோ பிக்கப்பில் ஏறுகிறது என்று அர்த்தம். மாற்றமில்லை. கம்பிகளைக் கையால் பொத்தச் சொன்னேன், கொஞ்சம் குறைந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிட்டேன், பாதி போயிற்று. ஸ்பீக்கரின் ப்ளக்கையும் பிடுங்கி ஹெட்போனில் கேட்டால் சுத்தமாக நின்றது. ஆக, வருவது சுவரிலிருந்து. மூன்று ஓட்டை சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாத இடத்தில் 38 வோல்ட். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் கசியவிடும் மின்சாரத்துக்குப் பூமிக்குள் போக வழியில்லை. அது ஒயரிலேயே தேங்கி இந்தப் பையன்களின் பேஸுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

"எர்த் குழி எங்கே இருக்கு?" என்றேன். பையன்களுக்குத் தெரியவில்லை. சமையலறையிலிருந்து பாட்டிதான் வந்தார். "கொல்லைல, கருவேப்பிலை மரத்துக்குப் பக்கத்துல. உங்க தாத்தா கோடையில தினம் ரெண்டு வாளி தண்ணி ஊத்துவார். அவர் போனதுக்கப்புறம் யார் ஊத்தறா?" என்றார். போய்ப் பார்த்தால் கொல்லை முழுக்க சிமென்ட் பூசியிருந்தது. குழியின் மேல் ஒரு சதுர மூடி, அதன்மேல் பழைய கிரைண்டர். இரண்டு பேரும் கிரைண்டரை நகர்த்தினார்கள். உள்ளே இரும்புக் குழாயைச் சுற்றி மண் பொரிகடலை மாதிரி உதிர்ந்தது. ஆறு வாளி தண்ணீர் விட்டோம். ஊற்ற ஊற்ற உறிஞ்சிக்கொண்டது. தம்பி மாடியில் மீட்டரோடு நின்று எண்ணைக் கத்திச் சொன்னான். அரை மணியில் 38 பதினொன்றாகி, பிறகு நான்காக இறங்கியது. அண்ணன் ஓடிப்போய் மூன்றாவது ஃபிரெட்டைப் பிடித்தான். ஜி அசையாமல் நின்று தானாகத் தேய்ந்து அடங்கியது. அடுத்த வாரம் எலக்ட்ரீஷியனை வைத்து உப்பும் கரியும் போட்டுக் குழியைப் புதுப்பித்தார்கள்.

ஹம் போவதற்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. ப்ளக்கில் இருக்கும் பெரிய எர்த் பின்னை வெட்டிவிடுவது. அதைச் செய்துவிட்டு "பாருங்க சார், நின்னுடுச்சு" என்று பெருமையாகக் காட்டியவர்கள் பல பேர். எனக்கு வயிறு கலங்கும். அப்படி வெட்டிய ஒருவர் பேஸ் வாசித்துக்கொண்டே பாட மைக்கில் வாய் வைத்தபோது உதட்டில் ஷாக் அடித்து நாற்காலியோடு சாய்ந்தார். ஒரு கை கம்பியில், உதடு மைக்கின் இரும்பு வலையில், நடுவே இதயம். இரண்டு கருவிகளின் எர்த் சுற்றிவந்து ஹம் வந்தால், எர்த் லிஃப்ட் சுவிட்ச் உள்ள டி.ஐ. பாக்ஸ் வாங்கிக்கொள்ளலாம். அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும், சுவர் எர்த் அப்படியே இருக்கும். வெட்டிய பின்னோடு எந்த வீட்டைப் பார்த்தாலும் புது ப்ளக் மாட்டிவிட்டுத்தான் வேறு வேலையைத் தொடுவேன்.

'உம்ம்' என்று இல்லாமல் 'ஸ்ஸ்ர்ர்' என்று அரைத்துக்கொண்டு வந்தால் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் அல்லது டிம்மர் விளக்கு. ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலோ நிறுத்தினாலோ போய்விடும். 2012-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இன்னொன்று சேர்ந்தது. கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டர் ஓடும்போதெல்லாம் பதிவில் வண்டு மொய்க்கும். மலிவான இன்வெர்ட்டர் தரும் கரண்டின் அலை சதுரமாக இருக்கும். அந்த வருஷம் லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டி, கரண்ட் இல்லாத நேரத்தில், ஃபேனும் இல்லாமல் வியர்க்க வியர்க்கப் பதிவு செய்தவர்களின் பேஸ்தான் நான் கேட்டதிலேயே சுத்தமானது.

தாமதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் மனிதர்கள் காயப்படுகிறார்கள்.

2004-இல் அம்பத்தூரிலிருந்து ஒரு அம்மா போன் பண்ணினார். மகனுக்குப் பதினேழு வயது. ஒரு வருஷமாகப் பணம் சேர்த்து பேஸ் வாங்கியவன், இப்போது விற்கப்போகிறேன் என்கிறானாம். போனேன். பையன் முகம் கொடுத்தே பேசவில்லை. "எனக்குத் தாளம் வராது சார். மாஸ்டர்கிட்ட ரெக்கார்ட் பண்ணி எடுத்துட்டுப் போனேன். டைமிங் சுத்தமா இல்லைன்னுட்டார். எனக்கே கேக்குது" என்றான்.

அவன் ஹெட்போனை வாங்கி நானே மாட்டி ஒரு கம்பியைத் தட்டினேன். விரல் எடுத்த பிறகு சுரம் வந்தது. ஏறக்குறைய நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம். அவன் காதுக்குத் தன் சுரம் பிந்தி விழுகிறது. அதைச் சரிசெய்ய விரலை முந்தி எடுக்கிறான். முந்தினதும் டிரம்ஸோடு ஒட்டவில்லை, அடுத்ததில் பிந்துகிறான். நிழலைத் தாண்டிக் குதிக்கிறவன் மாதிரி ஒரு வருஷம் போராடியிருக்கிறான்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். என் பையிலிருந்த மெட்ரோனோமை மேசையில் வைத்து, கிட்டாரில் ஒன்றையும் செருகாமல் வாசிக்கச் சொன்னேன். சுவாரசியமில்லாமல் ஆரம்பித்தான். நாலு ஆவர்த்தம் தாண்டுவதற்குள் மெட்ரோனோமின் 'டிக்' காதில் விழாமல் மறைந்தது. அவன் விரல் அவ்வளவு துல்லியமாக அதன் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. அவன் அம்மா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, உன் தாளத்துல ஒரு குறையும் இல்லை" என்றேன். அவன் கிட்டாரை விட்டுக் கையை எடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

விண்டோஸின் சாதாரண ஒலிப் பாதை பாட்டுக் கேட்பதற்காகப் போட்டது, வாசிப்பதற்காக அல்ல. ஒலியை ஒரு பாத்திரத்தில் பிடித்து, நிரம்பியதும்தான் அடுத்த கைக்குக் கொடுக்கும். அந்தப் பாத்திரத்துக்குத்தான் பஃபர் என்று பெயர். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர் முறை அந்தப் பாதையைச் சுற்றிக்கொண்டு நேராகப் போகிறது. அதைப் போட்டு பஃபரை 128-க்குக் கொண்டுவந்தேன். நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் கணக்கில் 128 என்பது 2.9 மில்லிசெகண்ட். உள்ளே போய் வெளியே வந்து எல்லாம் சேர்ந்தாலும் பத்துக்குள் அடங்கும். மேடையில் ஆம்ப்ளிஃபையரிலிருந்து பத்தடி தள்ளி நிற்பவருக்கு ஒலி காற்றில் வந்துசேர ஒன்பது மில்லிசெகண்ட் ஆகிறது. அந்த அளவுக்கு உடம்பு பழகிவிடும். பஃபரை ரொம்பக் குறைத்தால் அந்தக் கால கம்ப்யூட்டர் மூச்சு வாங்கி 'டிக் டிக்' என்று விட்டுவிட்டுப் பாடும். எனவே பதிவு செய்யும்போது 128, மிக்ஸ் பண்ணும்போது 1024 என்று ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டு வந்தேன். போகும்போது அவுட்டிலிருந்து இன்னுக்கு ஒரு சின்ன கேபிளைப் போட்டு கிளிக்கைப் பதிவு செய்து, இரண்டு அலைக்கும் நடுவே எத்தனை மாதிரி இடைவெளி என்று எண்ணி, சாஃப்ட்வேரில் அந்த எண்ணைக் கழிக்கவும் கற்றுக்கொடுத்தேன். அந்தப் பையன் கிட்டாரை விற்கவில்லை.

பிற்பாடு வந்த தொல்லைகளில் பல இதைவிட எளியவை. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் திருகையும் சாஃப்ட்வேர் மானிட்டரையும் சேர்த்துத் திறந்து வைத்தால் ஒரே பேஸ் இரண்டாகக் கேட்கும், ஏதாவது ஒன்றை மூடினால் போதும். லேப்டாப்பில் சில நொடிக்கு ஒரு தடவை 'டிக்' விழுந்தால் வைஃபையை அணைத்துப் பாருங்கள் என்பேன். பெரும்பாலும் நின்றுவிடும். மின்சாரம் மிச்சம்பிடிக்கும் செட்டிங்கும், ஐந்தாறு சாதனம் தொங்கும் யு.எஸ்.பி. ஹப்பும் அடுத்த சந்தேகங்கள். 48,000-இல் பதிவு செய்ததை 44,100-இல் ஓடவிட்டால் சுரம் ஏறக்குறைய ஒன்றரை ஃபிரெட் அளவுக்கு இறங்கிக் கேட்கும். டியூனரையே சந்தேகப்பட்டுக் கம்பி மாற்றியவர்கள் உண்டு. டேப் காலத்தில் பேஸுக்கு முள் சிவப்பைத் தொடும்வரை ஏற்றுவோம், டேப் அதை மெத்தென்று வாங்கிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் அந்தக் கைப்பழக்கம் என்னைக் கைவிட்டது. அலையின் தலை கத்தியால் சீவியது போலத் தட்டையாகிவிடும். மைனஸ் பன்னிரண்டு டெசிபலில் நிறுத்திக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. சென்னையின் கடல்காற்று ஜாக்குகளில் பச்சை ஏற்றும். பஞ்சில் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தாலே பாதி 'கரக் புரக்' தீரும்.

ஒயர், டிரைவர் எல்லாம் சரியாகியும் "ஏ கம்பி மட்டும் முட்டுது சார்" என்று ஒருவர் சொன்னால் நான் அறையை அளப்பேன். நம் வீடுகளில் பத்துக்குப் பத்து அறை சர்வ சாதாரணம். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே பத்தடி என்றால் 56 ஹெர்ட்ஸை ஒட்டி அறையே சேர்ந்து பாடும். ஏ கம்பி 55. மூலையில் தலையை வைத்தால் நெஞ்சில் இடிக்கும், அறைக்கு நட்ட நடுவில் உட்கார்ந்தால் அதே சுரம் காணாமல் போகும். கொளத்தூரில் ஒருவர் நடுவில் உட்கார்ந்து கேட்டு, ஏ போதவில்லை என்று ஈக்வலைசரில் ஏற்றிக்கொண்டே போயிருந்தார். வெளியே காரில் கேட்டால் கதவு அதிர்ந்தது. அவருடைய நாற்காலியை மூன்றடி பின்னால் தள்ளிப் போட்டதைத் தவிர அன்று நான் வேறொன்றும் செய்யவில்லை.

போன மாதம் ராஜீவ் காந்தி சாலையில் ஒரு அடுக்ககம், பதினான்காவது மாடி. ஐ.டி.யில் வேலை பார்க்கும் பெண், புதிதாக ஐந்து கம்பி பேஸ் வாங்கியிருந்தாள். "அங்கிள், அஞ்சாவது கம்பி மட்டும் லேப்டாப்ல ஏறவே மாட்டேங்குது. கேபிள் மாத்திட்டேன். இன்டர்ஃபேஸை ரிட்டர்ன் பண்ணிடவா?" என்றாள். கம்பியைத் தட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பேட்டரி, ஜாக், கேபிள் எல்லாம் சரி. திரையில் அலை கொழுகொழுவென்று உயர்ந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தது லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரில். அந்தக் கீழ் பி கம்பியின் சுரம் 31 ஹெர்ட்ஸ், விரல்நுனி அளவுள்ள ஸ்பீக்கருக்கு அது எட்டாது. இரண்டு வாரமாக அவள் பதிவு செய்த எல்லாவற்றிலும் அந்தச் சுரம் பத்திரமாக இருந்தது. அவள் அதைக் கேட்டதே இல்லை.

என் பழைய ஹெட்போனைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு ஐந்தாவது கம்பியை ஒருமுறை மீட்டினாள். கண்ணை மூடி, அது முழுக்க அடங்கும்வரை காத்திருந்தாள். நான் டீயைக் குடித்து முடித்து, பையை எடுத்துக்கொண்டு, "வரேம்மா" என்றபோது அவள் காதில் விழவில்லை.